ஏற்காட்டு காப்பிக்காரங்களுக்கு ஒரு டெலிகிராம் குரூப் ஆரம்பிச்ச கதை

இந்த குரூப்பை எப்படி ஆரம்பிச்சேன், எப்படி நடத்தறேன்னு நிறைய பேர் தனித்தனியா கேக்கறாங்க, அதனால மொத்தமா எழுதிடறேன். ஏற்காட்டுல ரெண்டு ஏக்கர் மூணு ஏக்கர்னு காப்பி வச்சிருக்கறவங்களையும், கீழ சேலத்துல வீட்லயே கொட்டை வறுத்து அரைச்சுக் குடிக்கறவங்களையும் ஒரே இடத்துல பேச வைக்கணும்னு தான் ஆசை. நடுவுல இருக்கறது 20 ஹேர்பின் பெண்டு, ஆனா குடிக்கறவனுக்கு செடி தெரியாது, செடி வச்சிருக்கறவருக்கு அது எந்த டம்ளர்ல போய் சேருதுன்னு தெரியாது.

எதுல ஆரம்பிக்கறதுங்கறதே பெரிய பஞ்சாயத்தா போச்சு. எல்லாரும் வாட்ஸ்அப்னு தான் சொன்னாங்க, எல்லார் போன்லயும் இருக்குல்ல. நாகலூர் பக்கம் தோட்டம் பாக்கற ஒரு அக்கா மட்டும் "அதுல என் நம்பர் எல்லாத்துக்கும் தெரியும்ங்க தம்பி, ராத்திரி பத்து மணிக்கு எவனாச்சும் ஹாய்னு அனுப்புவான், நான் வரல"ன்னு ஒரேடியா சொல்லிட்டாங்க. அதுக்கு மேல நான் யோசிக்கவே இல்ல, டெலிகிராம்னு முடிவு பண்ணிட்டேன். பிரைவசி செட்டிங்ல போன் நம்பரை யாருக்கும் காட்டாதன்னு வச்சுட்டா போதும், குரூப்புல பேர் மட்டும் தான் தெரியும். இன்னொன்னு, புதுசா வர்றவங்க பழைய பேச்சையெல்லாம் மேல போய் படிச்சுக்கலாம், தோட்ட விஷயத்துக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா வருஷா வருஷம் அதே சீசன்ல அதே கேள்வி தான் வரும். வாட்ஸ்அப் குரூப்புல 1,024 பேர் வரைக்கும் தான், டெலிகிராம்ல 2 லட்சம் பேர் வரைக்கும் சேக்கலாம்னு கணக்கு சொன்னவங்களும் உண்டு, நமக்கென்ன சேலம் ஜில்லாவே வரப்போகுதா. காலேஜ் பசங்க டிஸ்கார்டு டிஸ்கார்டுன்னு இன்னொரு சாட் ஆப்புக்காக குதிச்சாங்க. சர்வர், சேனல், ரோல்னு விளக்க ஆரம்பிச்சதுமே வெள்ளக்கடையில தோட்டம் வச்சிருக்கற ஒரு ஐயா "நீங்களே பேசிக்கங்க கண்ணு"ன்னு போனை வச்சுட்டாரு.

செட்டிங் எல்லாம் அரை மணி நேர வேலை தான். லிங்க்ல அட்மின் சம்மதம் இருந்தா தான் உள்ள வர முடியும்னு வச்சேன், இல்லன்னா கிரிப்டோ விக்கற போலி ஆளுங்க வந்து குமிஞ்சுடுவானுங்க. மெம்பர்ங்க அவங்க பாட்டுக்கு ஆள் சேக்கறதையும் நிறுத்தி வச்சேன். மலையில சிக்னல் சில இடத்துல வரும் சில இடத்துல வராது, அதனால வீடியோ தானா டவுன்லோட் ஆகறதை ஆஃப் பண்றது எப்படின்னு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, குரூப்புல எப்பவும் மேலயே நிக்கற மாதிரி பின் பண்ணேன்.

கஷ்டம் எல்லாம் அதுக்கப்புறம் தான். குரூப்புல ஆள் இருக்காங்க, பேச்சு இல்ல. காலையில ரோஜாப்பூ போட்டு குட்மார்னிங், அதுக்கு கீழ பத்து கும்பிடு, அவ்ளோதான். நானே "நண்பர்களே, உங்க காப்பி அனுபவத்தை சொல்லுங்க"ன்னு போட்டேன், ஈ காக்கா வரல. மார்ச் கடைசியில ஒரு சாயங்காலம் மழை பெஞ்சுது, சும்மா "உங்க பக்கம் எவ்ளோ பெஞ்சுது"ன்னு கேட்டேன். மஞ்சக்குட்டைல நல்ல மழை, ஒண்டிக்கடைல தூறல், செம்மநத்தத்துல ஒன்னுமே இல்லன்னு வரிசையா வந்து விழுது, ஒருத்தர் வாளியை வெளிய வச்சு ஸ்கேல் விட்டு அளந்து போட்டோவே போட்டுட்டாரு. ஒரு இஞ்ச் கிட்ட பெஞ்சா தான் காப்பிப்பூ ஒழுங்கா விரியும், தூறலோட நின்னா மொட்டு கெட்டுப்போகும், அதனால அந்தக் கேள்வி அவங்களுக்கு வெறும் அரட்டை இல்ல. பத்து நாள் கழிச்சு கிளை முழுக்க வெள்ளையா பூ போட்டோ வர ஆரம்பிச்சுது, கீழ சேலம் அஸ்தம்பட்டியில இருந்து ஒரு மேடம் "இது மல்லிகையாங்க"ன்னு கேட்டாங்க, அக்கா "வாசனையும் அப்படித்தான் இருக்கும், வந்து பாருங்க"ன்னு பதில் போட்டாங்க. மலையும் டவுனும் பேசிக்கிட்டது அன்னைக்கு தான்.

அந்த அக்கா தான் அப்புறம் இன்னொரு போட்டோவும் போட்டாங்க. ஒரு செடி மட்டும் இலை மஞ்சளாயிட்டு வாடுதாம், தண்ணி பத்தலையான்னு கேட்டாங்க. ஐயா "அடித்தண்டை கிட்ட வச்சு எடுங்க"ன்னாரு, எடுத்தாங்க, பட்டை மேல நரம்பு புடைச்ச மாதிரி மேடு மேடா சுத்தி ஓடுது. "போரருங்க, புழு உள்ள குடைஞ்சுட்டு இருக்கு, வண்டு வெளிய பறக்கறதுக்குள்ள வேரோட புடுங்கி எரிச்சுடுங்க, பக்கத்து செடியையும் தடவிப் பாருங்க, வெயில் நேரா விழற இடத்துல தான் அதிகமா வரும்"னு பொறுமையா டைப் பண்ணாரு. அந்த மெசேஜை பின் பண்ணி வச்சிருக்கேன்.

இப்ப டாபிக்ஸ் ஆன் பண்ணி தோட்டம் தனி, வறுக்கறது தனி, சும்மா பேச தனின்னு பிரிச்சாச்சு. சிக்கரி கலக்கலாமா கூடாதாங்கற சண்டை வறுக்கறதுல ஓடிக்கிட்டே இருக்கும், நான் உள்ள போறதில்ல (எனக்கு கொஞ்சம் சிக்கரி வேணும், அதை அங்க சொன்னா என் கதி அவ்ளோதான்). பழம் பறிக்கற சீசன்ல புரோக்கருங்க உள்ள வந்து குறைச்ச விலையை "மார்க்கெட் ரேட்"னு பரப்புனாங்க, அதனால விலை பேச்சுக்கு தனி டாபிக், போடறவங்க யார்கிட்ட, எந்த தேதியில, எந்தத் தரத்துக்குன்னு சேத்து தான் போடணும். வாய்ஸ் நோட்டு தான் இன்னும் தீரல. பெரியவங்களுக்கு டைப் பண்ண வராது, நாலு நிமிஷம் பேசி அனுப்பறாங்க, பின்னாடி தேடுனா கிடைக்காது. டிஸ்கார்டு கேட்ட பசங்கள்ல ரெண்டு பேர் அதைக் கேட்டு கீழயே ரெண்டு வரி எழுதிப் போடறாங்க, பரீட்சை வந்தா அதுவும் நிக்கும், யாராச்சும் கை குடுக்கறதா இருந்தா சொல்லுங்க.