ரோட்ஸ் தீவில் கால்நடையாக

2024 அக்டோபர் 14, இரவு, கப்பலில்

கிரீஸின் பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறி மூன்று நாளாகிறது. இதுவரை இறங்கிய இரண்டு தீவுகளிலும் கொடி பிடித்து முன்னே போன கைடின் முதுகைத்தான் அதிகம் பார்த்தோம். நாளை ரோட்ஸ். கப்பலடியிலிருந்து பழைய ஊருக்கு நடந்தே போய்விடலாமாம். பஸ் டிக்கெட் வேண்டாம் என்று இவரிடம் கறாராகச் சொல்லிவிட்டேன்.

இவருக்கு ஒரே ஆசை, பழங்கால உலக அதிசயமான கொலோசஸ் என்ற வெண்கலச் சிலை நின்ற இடத்தைப் பார்க்க வேண்டும்.

"சிலைதான் இல்லையேங்க."

"இடம் இருக்குல்ல?"

அக்டோபர் 15, மாலை

காலே இல்லாததுபோல் இருக்கிறது. செருப்புதான் தப்பு. தட்டையான, மெல்லிய அடிப்பாகம். இந்த ஊர்த் தெருக்களில் கடற்கரைக் கூழாங்கற்களைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக, முட்டையை அட்டையில் அடுக்கியதுபோல் நெருக்கி நட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கல்லும் பாதத்தில் தனித்தனியாகத் தெரிந்தது. சில முற்றங்களில் கறுப்பும் வெள்ளையுமாக இதே கல்லில் கோலமே போட்டிருக்கிறார்கள். குனிந்து தொட்டுப் பார்த்தேன். மேல்முனை மட்டும் தேய்ந்து எண்ணெய் தடவினாற்போல் வழவழத்தது.

முதலில் இப்போதோன் தெரு. புனித யோவான் சபை என்ற கிறிஸ்தவ அமைப்பின் வீரத்துறவிகள் 1309 முதல் 1522 வரை இந்தத் தீவை ஆண்டார்கள். அவர்களுடைய தெரு இது. ஐரோப்பாவின் பல பக்கங்களிலிருந்து வந்தவர்கள் என்பதால் மொழிவாரியாகப் பிரிந்திருந்தார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் 'நாக்கு' என்றே பெயர். ஒவ்வொரு நாக்குக்கும் தனி விடுதி, கோட்டைச் சுவரில் காவல் காக்கத் தனிப் பகுதி. மொழிவாரி மாநிலம் பார்த்த நமக்கு இது புதிதில்லை. மதிலையும் மொழிவாரியாகப் பிரித்ததுதான் புதிது. கடைசியில் துருக்கியின் சுலைமான் சுல்தானின் படை ஆறு மாதம் முற்றுகையிட்டு எல்லா நாக்குகளையும் சேர்த்தே வெளியேற்றியது.

தெருவின் உச்சியில் அந்தச் சபைத் தலைவரின் அரண்மனை. 1856-ல் வெடிமருந்து வெடித்துச் சிதைந்ததை, பின்னாளில் தீவை ஆண்ட இத்தாலியர்கள் 1937 முதல் 1940 வரை எடுத்துக் கட்டினார்களாம். தரையில் பதித்திருக்கும் பழைய மொசைக்குகள் கோஸ் தீவிலிருந்து பெயர்த்து வந்தவை. "எங்க தாத்தா வீடு இதைவிடப் பழசு" என்றார் இவர். டிக்கெட் காசு அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

பிறகு மந்த்ராக்கி துறை. வாய்ப்பகுதியில் இரண்டு தூண்கள், ஒன்றின் மேல் கலைமான், மற்றதில் பெண்மான். இங்கேதான் சிலை காலை அகட்டி நின்றதாகவும், அடியில் கப்பல்கள் போனதாகவும் கதை. அப்படி நின்றிருக்கவே முடியாது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். சுமார் 33 மீட்டர் உயரம்; கி.மு. 226 நிலநடுக்கத்தில் விழுந்தது. நின்றது அறுபது வருஷம்கூட இல்லை. விழுந்து கிடந்தபோதும் அதன் கட்டைவிரலைக் கட்டிப்பிடிக்கக்கூடியவர்கள் சிலரே என்று ரோமானியரான பிளினி எழுதி வைத்திருக்கிறார். இவர் தூணடியில் நின்று தம் கட்டைவிரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போட்டோ எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம்.

திரும்புகையில் வழி தவறினோம். குறுகிய சந்துகள், எதிரெதிர் வீட்டுச் சுவர்களுக்கு நடுவே தலைக்கு மேல் கல் வளைவுகள். நிலநடுக்கத்தில் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளட்டும் என்று கட்டியவை. வாசற்படிதோறும் பூனை. ஒரு பாட்டியிடம் "போர்ட்?" என்றேன். கையைக் காட்டினார். போனால் சின்னச் சதுக்கம், நீரூற்றில் வெண்கலக் கடற்குதிரைகள், சுற்றிலும் காபிக் கடைகள். உட்கார்ந்து செருப்பைக் கழற்றிய பிறகுதான் மரத்தடிக் கறுப்புக் கல்லைப் பார்த்தேன். பல மொழிகளில் ஒரே செய்தி.

இந்தப் பகுதி யூதர்கள் வாழ்ந்த இடம். 1577-ல் கட்டிய அவர்களுடைய தொழுகைக்கூடம் பக்கத்துச் சந்தில் இன்றும் இருக்கிறது. 1944 ஜூலையில் ஜெர்மானியர்கள் 1,600-க்கும் மேற்பட்டவர்களைச் சரக்குப் படகுகளில் ஏற்றி, முதலில் பிரேயஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து ரயிலில் ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு. உயிர் பிழைத்தவர்கள் ஏறக்குறைய 150 பேர்.

காபி ஆறிவிட்டது. இவரும் ஒன்றும் பேசவில்லை. நாலரைக்குள் கப்பலேற வேண்டும் என்பதால் எழுந்துவிட்டோம்.

அக்டோபர் 16, கடலில்

நாள் முழுக்கக் கடல்தான். வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் டெக்கில் யாரிடமோ கட்டைவிரல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கதையில் விரல் இன்னும் கொஞ்சம் பெருத்திருந்தது.

நாளை விடியற்காலை பிரேயஸ். பெட்டியில் பெயர்ச்சீட்டைக் கட்டி, ராத்திரியே அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். கட்டிவிட்டேன். இன்னும் வெளியே வைக்கவில்லை.