வெற்றிலை சப்பினவருக்கு ஏன் இலவச வைத்தியம்?

வாய்ப்புற்றோடு வார்டில் கிடக்கிற ஒருவரைப் பார்த்துவிட்டு வெளியில் வருகிறவர்களில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார், "சப்பினவர்தானே, அனுபவிக்கட்டும், எங்கட வரிக்காசில ஏன் வைத்தியம்?" என்று. எனக்கு இந்தப் பேச்சு கொஞ்சமும் பிடிக்காது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வேளாண்மை வெட்டுக்குப் போகிறவர் விடியவே வயலுக்குள் இறங்கினால் பசிக்கும் களைப்புக்கும் வாயில் அடக்குவது வெற்றிலை, பாக்கு, புகையிலைதான். கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் முதலில் நீட்டுவது வெற்றிலைத் தட்டமான வட்டாதான், அம்மம்மாவுக்குப் பாக்கு இடித்துக் கொடுத்து வளர்ந்த பிள்ளைகள்தான் நம்மில் பாதிப்பேர். ஊரே சேர்ந்து பழக்கிவிட்டு, நோய் வந்ததும் அவர் ஒருவரின் குற்றம் என்பது அநியாயம். கையில் காசில்லாதவரும் போய் வைத்தியம் எடுக்கலாம் என்பதுதான் நமது அரசாங்க ஆஸ்பத்திரிகளின் பெருமை. அதில் யார் தகுதியானவர் என்று பார்க்கத் தொடங்கினால் அடுத்தது சீனி வருத்தக்காரர், அப்புறம் ஹெல்மெட் போடாமல் விழுந்தவர்.

சரி, அப்படியென்றால் நமக்குப் பொறுப்பே இல்லையா? இருக்கிறது, நிறைய இருக்கிறது. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுத்தான். "நான் புகையிலை போடுறதில்ல, சும்மா பாக்குத்தான்" என்று ஆறுதல்பட இடமில்லை, பாக்கே தனியாகப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்டுவிட்டது.

இதில் மோசமான விஷயம், ஆரம்பத்தில் வலி இருக்காது. கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு திட்டு, இரண்டு வாரம் கடந்தும் ஆறாத புண், கறி கொஞ்சம் உறைத்தாலே வாய் எரிவது, மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் நுழையாத அளவுக்கு வாய் திறக்க முடியாமல் போவது, இவ்வளவுதான் அறிகுறி. பல் குத்தியிருக்கும் என்று நினைத்து ஆட்கள் மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். திட்டாக இருக்கும்போதே போனால் சப்புவதை விட்டு, தொடர்ந்து காட்டி, தேவையானால் சின்னதாக ஒரு வெட்டோடு முடிந்துவிடலாம். கழுத்தில் கட்டி வந்தபின் போனால் தாடை எலும்பையே எடுக்க வேண்டி வரலாம், அதற்குப்பிறகு கதிர்ச் சிகிச்சை, மகரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அலைச்சல், கூடப்போகிறவரின் கூலியும் போய்விடும். மருந்துதான் இலவசம், இதெல்லாம் இலவசமில்லை.

ஆஸ்பத்திரிகளிடமும் ஒன்று கேட்க வேண்டும். பிரஷருக்கும் சீனிக்கும் மாதாமாதம் கிளினிக் வருகிற வயதானவர்களிடம் ஒரு தடவையாவது வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், அதற்கு ஒரு டோர்ச் லைட் போதும். கூட்டம் எவ்வளவு என்று தெரியும், தெரிந்துதான் கேட்கிறேன்.

வீட்டில் சப்புகிறவர் இருந்தால் ஏச வேண்டாம், ஏசினால் ஒளித்துச் சப்புவார்கள். பகல் வெளிச்சத்தில் வாசலில் இருத்தி வாயைப் பாருங்கள், திட்டோ புண்ணோ கண்டால் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்குக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். "எனக்கு ஒண்டுமில்ல" என்றுதான் சொல்வார்கள், விடாதீர்கள்.