கொர்சி நெருப்பு விழுந்த இடம்

"கோஜாஸ்த்?" என்றார் அந்த அம்மா. பாரசீகத்தில் எங்கே அது என்று அர்த்தம். இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் காதில் நிற்கிறது.

பழுதுபார்க்க என்னிடம் வந்தது ஈரானின் காஷான் நகரில் நெய்த கம்பளம். வயது நூறுக்குக் குறையாது. பருத்திப் பாவு (நெடுக்கு இழை), ரூனாஸ் என்ற சாயச் செடியின் வேர்ச் சிவப்பு. நடுப் பதக்கத்தை ஒட்டி உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை, ஓரமெல்லாம் கருகல். "பழையபடி ஆக்கிக்கொடுங்கள், எவ்வளவானாலும் சரி" என்றார் மகன். அம்மா முதலாளியிடம் பாரசீகத்தில் ஏதோ பேசினார். முதலாளி எனக்கு இந்தியில் சொன்னது இவ்வளவுதான்: கொர்சி நெருப்பாம், சின்ன வயதில் அந்த அம்மாவின் தம்பி காலால் தட்டிவிட்டானாம்.

அடைக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இதை எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டாயிற்று.

ஆனால் கொர்சி என்னவென்று எனக்குத் தெரியும். தாழ்வான மேசை, அடியில் கரி நெருப்பு, மேலே பெரிய மெத்தைப் போர்வை. ஈரானின் பழைய வீடுகளில் குளிர்காலம் முழுக்கக் குடும்பமே அதற்குள் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும். சாப்பாட்டுக்குச் சோஃப்ரே என்ற துணியை விரிப்பதும் கம்பளத்தின் மேல்தான். தொழுகை, தூக்கம், பிள்ளை தவழ்வது எல்லாம் அங்கேதான். அந்த வீட்டுக்கு நாற்காலி, கட்டில், மேசை எல்லாமே கம்பளம்தான். தெரிந்திருந்தும் என் கண்ணுக்கு ஓட்டை மட்டும்தான் பட்டது.

18 நாள் வேலை. உதவாத பழைய கம்பளத்திலிருந்து கம்பளி நூலைப் பிரித்து, பகல் வெளிச்சத்தில் சிவப்பை ஒத்துப் பார்த்து, பாவு இழுத்து, முடிச்சு முடிச்சாகப் போட்டேன். நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அது. முதலாளிக்கே இடம் தெரியவில்லை.

அந்த அம்மா தரையில் உட்கார்ந்து, பதக்கத்தின் பக்கமாகக் கையால் தடவித் தேடினார்.

ஓட்டையை அப்படியே விட்டால் சுற்றியுள்ள முடிச்சுகள் கழன்று பெரிதாகும். அது உண்மை. ஓரத்தைக் கட்டி, அடியில் துணி வைத்துத் தைத்தாலும் நிற்கும். அதுவும் உண்மைதான். கேட்டிருந்தால் அப்படியே செய்திருப்பேன். ஆனால் அவர் கேட்டிருக்க வேண்டுமா, நான் கேட்டிருக்க வேண்டுமா? காசு கொடுத்தது மகன், அவர் சொன்னதைத்தான் செய்தேன். அப்புறம் ஏன் அந்தக் கை மட்டும் மறக்கவில்லை?

வெட்டியெடுத்த கருகல் நூல் இருக்கிறதா என்று அந்த அம்மா முதலாளி வழியாகக் கேட்டார். முதல் நாளே அதைக் கூட்டிக் குப்பையில் போட்டிருந்தேன். தம்பி உயிரோடு இருக்கிறாரா என்று நான் கேட்கவில்லை.

இப்போது வெட்டும் நூலையெல்லாம் ஒரு கவரில் போட்டுக் கம்பளத்தோடு கொடுக்கிறேன். பெரும்பாலும் யாரும் வாங்கிக்கொள்வதில்லை.