ஹார்விபட்டியின் ஹார்வி யார்?

மதுரை ஹார்விபட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட், பான் கார்டு, பட்டா என்று ஆன்லைன் விண்ணப்பம் எதுவானாலும் போட்டுக் கொடுப்பேன். எங்கள் தெருப் பெண் ஒருத்தி நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போயிருக்கிறாள், நார்ஃபோக் பக்கம். அவளுடைய பாஸ்போர்ட்டுக்கும் நான்தான் விண்ணப்பம் போட்டேன். போன மாதம் அவளிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"மாமா, எங்க ஹவுஸ் ஓனர் பாட்டி பேரு மிஸஸ் ஹார்வி. எந்த ஊருன்னு கேட்டாங்க, ஹார்விபட்டின்னு சொன்னேன். நம்பவே மாட்டேங்கிறாங்க. பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்துல அட்ரஸ் இருக்கில்ல, அதக் காட்டின பிறகுதான் நம்புனாங்க. ஹார்வின்னா என்ன அர்த்தம் மாமா? அவங்களுக்கே தெரியலையாம்."

பதில் எழுத உட்கார்ந்தால் அது வாட்ஸ்அப்பில் அடங்குகிற விஷயமாக இல்லை. ஊர்க்காரர்கள் எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

ஹார்வி முதலில் குடும்பப் பெயரே கிடையாது. நம் ஊர் முருகன், கருப்பையா போல ஓர் ஆளின் பெயர். அதுவும் ஆங்கிலப் பெயர் இல்லை, பிரெட்டன் மொழிப் பெயர். பிரான்சின் வடமேற்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறதே பிரிட்டனி, அந்த மண்ணின் மொழி அது. பழைய பிரெட்டனில் 'ஹேர்' என்றால் போர், 'வியூ' என்றால் தகுதி. போருக்குத் தகுந்தவன் என்று பிள்ளைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பிரெட்டன் மக்களின் முன்னோர் 5, 6ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டன் தீவிலிருந்தே கடல் தாண்டிப் போய்க் குடியேறியவர்கள். அவர்களுடைய மொழி வேல்ஸ் மொழிக்கு நெருங்கிய சொந்தம். சுமார் ஐந்நூறு வருடம் கழித்து, 1066இல், நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தின் மேல் படையெடுத்தபோது பிரெட்டன் வீரர்களும் கூடப் போனார்கள். ஆலன் ரூஃபஸ் என்ற பிரெட்டன் பிரபு அவர்களில் பெரிய கை. ஜெயித்த பிறகு அவருக்கு யார்க்‌ஷயரிலும் கிழக்கு ஆங்கிலியாவிலும் ஏராளமான நிலம் கிடைத்தது. யார்க்‌ஷயரில் உள்ள ரிச்மண்ட் கோட்டை அவர் கட்ட ஆரம்பித்ததுதான். தலைவருக்கு நிலம் கிடைத்தால் கூட வந்தவர்களும் அங்கேயே தங்குவார்கள் அல்லவா? கிழக்கு ஆங்கிலியா என்றால் நார்ஃபோக், சஃபோக், அதைச் சுற்றிய பகுதி. அந்த மிஸஸ் ஹார்வியின் புகுந்த வீடு எந்தக் கிளை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர் இருக்கும் மாவட்டத்தில் இந்தப் பெயர் தொள்ளாயிரம் வருடத்துக்கு மேலாகப் புழங்குகிறது. 1086இல் வில்லியம் ராஜா எடுத்த நிலக் கணக்கில் லத்தீன் எழுத்தில் 'ஹெர்வேயுஸ்' என்று பதிவாகியிருக்கிறது. 1109இல் ஈலி என்ற ஊரில் புதிதாகப் பிஷப் பதவி உருவானபோது அதில் முதலில் அமர்ந்தவர் பெயரும் ஹெர்வி, அவரும் பிரெட்டன்.

கவனித்தீர்களா, ஹெர்வி. பழைய எழுத்து அப்படித்தான். ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் 'எர்' ஒலி பல சொற்களில் 'ஆர்' ஆனது. சார்ஜென்ட், கிளார்க் என்று நாம் சொல்கிறோமே, எழுத்தைப் பார்த்தால் செர்ஜென்ட், கிளெர்க் என்றுதான் இருக்கும். டெர்பி என்று எழுதி டார்பி என்று வாசிக்கிற ஊரும் உண்டு. அந்த வரிசையில் ஹெர்வி ஹார்வி ஆனது. பெரும்பாலான குடும்பங்கள் எழுத்தையும் மாற்றிக்கொண்டன. சஃபோக்கில் இக்வர்த் மாளிகையில் முன்பு வாழ்ந்த பிரபுக் குடும்பம் இன்றும் பழையபடி ஹெர்வி என்று எழுதி ஹார்வி என்று உச்சரிக்கிறது. ஸ்காட்லாந்தில் ஹார்வி என்பதன் கடைசி எழுத்துகளை வேறு மாதிரியும் எழுதுவார்கள். என் கடைக்கு வரும் பிறப்புச் சான்றிதழ்களில் ஹார்விபட்டிக்கு நாலைந்து விதமாக ஆங்கில எழுத்துகள் இருப்பதைப் பார்க்கிறேன். அந்தப் பெயருக்கு இது புதிதில்லை. ஆனால் விண்ணப்பத்தில் எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆள் பெயர் எப்படிக் குடும்பப் பெயர் ஆனது? எனக்கு இதில் இதுதான் முக்கியமான இடம். அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்காரர்களும் நம்மைப் போலத்தான் இருந்தார்கள். ஜான் என்ற பெயரில் ஊருக்குள் பத்துப் பேர் இருந்தால் ஹெர்வியின் மகன் ஜான், குளத்தங்கரை ஜான், கொல்லன் ஜான், நெட்டை ஜான் என்று பிரித்துச் சொன்னார்கள். ஹெர்வி மகன் ஜானுக்கு வில்லியம் என்று மகன் பிறந்தால் அவன் ஜானின் மகன் வில்லியம். நம் இனிஷியல் மாறுகிற மாதிரியே தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டிருந்தது. பிறகு நிலப் பத்திரம், வாரிசுரிமை, தலைவரி என்று எழுத்து வேலை பெருகப் பெருக, பெயர் அப்படியே நின்றுபோனது. சுமார் 1400க்குள் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் குடும்பப் பெயர் நிலைத்துவிட்டது. என்றைக்கோ வாழ்ந்த ஒரு ஹெர்வியின் பெயரை அவர் முகம் தெரியாத முப்பதாவது தலைமுறையும் சுமக்கிறது. ஐஸ்லாந்தில் இன்றும் நம்மைப் போல அப்பா பெயர்தான், மகன் என்றோ மகள் என்றோ சேர்த்து.

இப்படி நின்றுபோனதால் அந்தப் பெயர் எங்கே எங்கே பரவியது என்று பார்க்க முடிகிறது. இங்கிலாந்தில் நார்ஃபோக், சஃபோக், கென்ட், அப்புறம் தென்மேற்கு ஓரத்தில் கார்ன்வால், டெவன் இவையெல்லாம் ஹார்விகள் நிறைந்த மாவட்டங்கள். நம் பிள்ளைகள் அறிவியல் பாடத்தில் படிக்கும் வில்லியம் ஹார்வி, ரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று 1628இல் எழுதி வெளியிட்டவர், கென்ட் மாவட்டத்து ஃபோக்ஸ்டன்காரர். கார்ன்வாலில் ஹேல் என்ற துறைமுக ஊரில் ஜான் ஹார்வி என்ற கொல்லர் 1779இல் தொடங்கிய பட்டறை பிற்காலத்தில் பிரம்மாண்டமான நீராவிப் பம்புகள் செய்தது. நெதர்லாந்தில் ஹார்லம் ஏரியை வற்றடித்த குருக்வியஸ் எஞ்சின் அந்தப் பட்டறையில் வார்த்ததுதான், அதன் சிலிண்டர் விட்டம் 144 அங்குலம். கார்ன்வாலின் சுரங்கங்கள் நொடித்தபோது அந்த மக்கள் ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று பிழைக்கப் போனார்கள். நம் கோலார் தங்கவயலுக்கும் வந்தார்கள். ஆளோடு பெயரும் போனது.

ஹார்வி என்று பெயர் வைத்த எல்லோரும் பிரெட்டன் வம்சம் என்று நினைத்துவிடக் கூடாது. அயர்லாந்தில் வேறொரு ஐரிஷ் குலப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஹார்வி என்று ஆக்கினார்கள். அமெரிக்காவில் ஹார்விகளில் கணிசமானவர்கள் கறுப்பின மக்கள். 1865இல் அடிமை முறை ஒழிந்தபோது குடும்பப் பெயர் பதிய வேண்டி வந்த பலர், முன்பு தங்களை வைத்திருந்த முதலாளியின் பெயரையே எழுத நேர்ந்தது. அதைப் படித்தபோது மனசு கனத்தது. ஒரு பெயர் எங்கெல்லாம் இருக்கிறது என்று வரைபடம் போட்டால் அதில் ரத்த உறவு மட்டும் தெரியாது, அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதும் தெரியும்.

அப்படித்தான் நம் ஊருக்கும் வந்தது. ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்று இரண்டு பேர், அண்ணன் தம்பி, ஸ்காட்லாந்துக்காரர்கள். 1880களில் பாபநாசத்தில் தாமிரபரணி அருவியின் விசையில் நூற்பாலை போட்டார்கள். தூத்துக்குடியில் கோரல் மில். 1890களின் தொடக்கத்தில் மதுரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மதுரா மில். வெகு காலம் கழித்துத்தான் கோட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து அது மதுரா கோட்ஸ் ஆனது. பழைய ஆட்கள் வாயில் இன்றும் ஹார்வி மில்தான். மில் தொழிலாளர்களுக்காக உருவான குடியிருப்பு எங்கள் ஹார்விபட்டி. பேரூராட்சியாக இருந்து 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது.

என் தாத்தா அந்த மில்லில் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தவர். சைக்கிளில் பசுமலை, பைக்காரா, பழங்காநத்தம் வழியாகப் போவார். நைட் ஷிப்ட் முடித்து வரும்போது புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். பாட்டி வாசலிலேயே நிற்க வைத்து ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். இரவெல்லாம் மிஷின் சத்தத்தில் நின்றவர் என்பதால் வீட்டிலும் உரக்கத்தான் பேசுவார். நூல் அறுந்தால் ஓடும் கதிரிலேயே இழையைப் பிடித்து ஒட்டுவதை வெறும் கையால் எனக்குச் செய்து காட்டுவார். ஆள்காட்டி விரல் நுனி மழமழவென்று ரேகையே இல்லாமல் இருக்கும்.

அந்தப் பெயரை நினைக்கும்போது 1908ஐயும் நினைக்க வேண்டும். பிப்ரவரி 27ஆம் தேதி தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் பின்னால் நின்றார்கள். நிர்வாகம் இறங்கி வந்து கூலியை உயர்த்தியது. அடுத்த சில நாட்களிலேயே, மார்ச் 12ஆம் தேதி, வ.உ.சி. கைதானார். துரை பெயரை எதற்கு ஊருக்கு வைத்துக்கொண்டிருக்கிறோம், மாற்றிவிடலாமே என்று கடையில் சில இளைஞர்கள் கேட்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. இந்த ஊரில் ஹார்வி குடும்பத்து ஆள் ஒருவர்கூட இல்லை. இருப்பதெல்லாம் அந்த மில்லில் உழைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். இந்தப் பெயரை எடுத்துவிட்டால் அவர்கள் எதற்காக இங்கே வந்து குடியேறினார்கள் என்பதற்கு இருக்கிற ஒரே அடையாளமும் போய்விடும்.

ஆள் பெயரோடு பட்டி சேர்வதும் நமக்கு மட்டும் உரிய வழக்கமில்லை. பிரிட்டனியில் ஹெர்வே என்றொரு புனிதர் இருக்கிறார், 6ஆம் நூற்றாண்டு, பார்வையில்லாதவர். உழவுக்கு வைத்திருந்த விலங்கை ஓநாய் கொன்றுவிட, அந்த ஓநாயையே ஏரில் பூட்டி உழுதார் என்று கதை. கருப்பசாமி காலடியில் நாய் நிற்பது போல அவர் சிலையின் பக்கத்தில் ஓநாய் நிற்கும். பிரெட்டன் மொழியில் அவரை ஹூவார்னோ என்றும் சொல்வார்கள். அவர் மடம் இருந்த ஊரின் பெயர் லான்‌ஹூவார்னோ. 'லான்' என்றால் கோயிலிடம். அந்தப் பெயர் பிறந்த மண்ணிலேயே ஒரு ஹார்விபட்டி இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குப் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'சர்நேம்' என்ற கட்டம் வந்ததும் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இருந்த சாதிப் பட்டத்தையும் விடச் சொல்லி 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது, நாமும் விட்டோம். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் கட்டத்தைக் காலியாக விட்டால் வெளிநாட்டில் இடிக்கிறது. அமெரிக்க விசாவில் முதல் பெயர் தெரியாது என்று அச்சடித்துவிடுவார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்றது. அதனால் நான் அப்பா பெயரைச் சர்நேமாகப் போடச் சொல்கிறேன். பிறகு ஒரே வீட்டில் தாத்தாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று மூன்று சர்நேம் இருக்கும். பரவாயில்லை, உறவைக் காட்டும் சான்றிதழ்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதில் ஒரு இழப்பு இருக்கிறது. விண்ணப்பம் போடும்போது தாத்தாவின் அப்பா பெயர் என்ன என்று நானாகக் கேட்டுப் பார்ப்பேன். பெரும்பாலும் பதில் வராது. ஹார்வி என்ற பெயரை 1086 வரை கொண்டுபோய் நிறுத்த முடிகிறது. அவர்கள் மில்லில் வேலை பார்த்த நம் ஆட்களின் பெயர் மூன்றாவது தலைமுறைக்கே தெரியவில்லை. சாதிப் பெயர் திரும்ப வரக் கூடாது. அது வேறு. பெயர்களை எழுதி வைக்கலாமே?

அதனால் ஒரு வேலை ஆரம்பித்திருக்கிறேன். மதுரா மில்லில் வேலை பார்த்த உங்கள் தாத்தா, பாட்டி, அப்பா யாராக இருந்தாலும் பழைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, குரூப் போட்டோ எது இருந்தாலும் கடைக்குக் கொண்டு வாருங்கள். காசு வாங்காமல் ஸ்கேன் செய்து உங்களுக்கும் ஒரு பிரதி தருகிறேன். எந்த டிபார்ட்மெண்ட், எந்த ஊரிலிருந்து வந்தார், அவருடைய அப்பா பெயர் என்ன, இந்த மூன்றையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள். ஞாயிறு மதியம் வரை கடை திறந்திருக்கும்.