ஒரே வீட்டில் மூன்று வாக்குறுதிகள்

2022 நவம்பர் 19 மலேசியப் பொதுத்தேர்தலுக்கு முந்திய வாரத்தில் ஓர் இரவு, சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அம்மாவும் மகளும் நானும் அவரவர் கைப்பேசியோடு உட்கார்ந்திருந்தோம். தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மாவுக்கு முகநூலில் வந்த ஒரு கட்சியின் விளம்பரம் முதியோர் உதவித்தொகையை உயர்த்துவதாகச் சொன்னது. 18 வயதினருக்கு வாக்குரிமை கிடைத்ததால் முதன்முறை வாக்களிக்கவிருந்த மகளுக்கு, அதே கட்சி உயர்கல்விக் கடனைக் குறைப்பதாக உறுதியளித்தது. எனக்கு வந்ததோ, வரியைக் குறைப்போம் என்றது. மூன்றையும் ஒன்றாகக் கூட்டினால் கஜானா தாங்குமா என்று எவரும் கேட்கவில்லை, ஏனெனில் மூன்றையும் ஒருசேரப் பார்த்தவர் எவருமில்லை; கைப்பேசிகளை மாற்றிப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே அது தெரிந்தது.

சமூக ஊடகங்கள் அரசியல் விளம்பரத்தை ஏற்கலாமா என்ற விவாதம் பெரும்பாலும் பொய்யைச் சுற்றியே நடக்கிறது. 2019-இல் அரசியல்வாதிகளின் விளம்பரங்களைத் தான் சரிபார்க்கப் போவதில்லை என்று முகநூல் நிறுவனம் கூறியதும், அதே ஆண்டு டுவிட்டர் அவற்றை அடியோடு நிறுத்தியதும் அந்த விவாதத்தின் இரு முனைகள். (டுவிட்டரின் தடை, உரிமையாளர் மாறிய பிறகு 2023-இல் தளர்ந்துவிட்டது.) என் கவலை பொய்யைப் பற்றியது அன்று. எங்களுக்கு வந்த மூன்றில் எதுவும் பொய்யென்று என்னால் சொல்ல முடியாது.

என் தாத்தா காலத்தில் கோயில் திடலில் செராமா என்னும் அரசியல் பொதுக்கூட்டம் நடக்கும். மேடையில் நிற்பவர் தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரின் காதில் ஒன்றும், ரப்பர்ப் பால்மரம் வெட்டுபவர் காதில் வேறொன்றும் சொல்ல வழியில்லை. சொன்னதை எல்லாரும் கேட்டார்கள், மறுநாள் கோப்பிக்கடையில் அதைப் பிரித்து மேய்ந்தார்கள். ஆளைப் பார்த்துக் குறிவைக்கும் விளம்பரம் பறித்துக்கொண்டது அந்தக் கோப்பிக்கடைப் பேச்சைத்தான்.

பணத்தின் கதை வேறு. நம் நாட்டுத் தேர்தல் குற்றச் சட்டம் நாடாளுமன்ற வேட்பாளருக்கு 200,000 ரிங்கிட் என்று செலவு வரம்பு வைத்திருக்கிறது. ஆனால் அந்த வரம்பு வேட்பாளருக்கே, கட்சிக்கு இல்லை. தலைமையகம் வாங்கும் விளம்பரம் எங்கள் தொகுதிக் கணக்கில் ஏறுவதில்லை.

இருந்தும் முழுத் தடையை நான் ஆதரிக்கத் தயங்குகிறேன். டிக்டாக் அரசியல் விளம்பரங்களை ஏற்பதில்லை. ஆயினும் 2022 தேர்தலுக்குப் பின் 1969 மே 13 இனக் கலவரத்தை நினைவூட்டி இனப்பகையைக் கிளறிய காணொளிகள் அதில்தான் பரவின. தவிர, பெரிய கட்சிகளின் கொடிகள் தெருவையே மறைக்கும் ஊரில், புதிதாக நிற்பவருக்குச் சில நூறு ரிங்கிட் விளம்பரம் ஒரு வாசல். அது இல்லாமல் வெல்லவே முடியாது என்று சொல்ல மாட்டேன். 2008-இல் இதே தொகுதியில், 1974 முதல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ம.இ.கா. (மலேசிய இந்தியக் காங்கிரஸ்) தலைவர் சாமிவேலுவை சோசலிஸ்ட் கட்சியின் டாக்டர் ஜெயக்குமார் தோற்கடித்தது தோட்டம் தோட்டமாகப் பல ஆண்டுகள் நடந்த உழைப்பால்தான். ஆனால் அத்தனை ஆண்டுகள் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

ஆகவே என் விருப்பம் இது: விற்கட்டும், ஆனால் ஆளைப் பிரித்து விற்கக் கூடாது. கூகள் 2019 நவம்பரில் தேர்தல் விளம்பரங்களுக்கு ஆளைக் குறிவைக்க வயது, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகியவற்றை மட்டும் அனுமதிப்பதாக அறிவித்தது. நல்ல தொடக்கம்தான், ஆயினும் என் அம்மாவையும் மகளையும் பிரிக்க வயது ஒன்றே போதும். அதையும் பாலினத்தையும் நீக்கிவிட்டு அஞ்சல் குறியீட்டை மட்டும் விட்டுவைக்கலாம். எங்கள் ஊரின் 31100 என்று போட்டால் பட்டணத்துக் கடைக்காரருக்கும், தாமான் எனும் வீடமைப்புப் பகுதியில் இருப்பவருக்கும், இன்னும் தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) குடியிருப்பவருக்கும் ஒரே விளம்பரம்தான் போய்ச்சேரும்; உதவித்தொகையும் கடனும் வரியும் அந்த ஒரே படத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தாக வேண்டும்.