அட்டை இல்லாத ஒன்பது பேருக்கு ஊசி போட அலைந்த கதை

2021 மே மாதம் கடலூரில் நான் பார்த்துக்கொள்ளும் முதியோர் இல்லத்தில் 32 பேர் இருந்தார்கள். மார்ச் 1 முதல் 60 வயது தாண்டியவர்களுக்குக் கொரோனா ஊசி என்றதும், நடக்க முடிந்த 16 பேரை ஆட்டோவில் கூட்டிப்போய்ப் போட்டு வந்தோம். படுத்த படுக்கையாக ஏழு பேர். மிச்சம் ஒன்பது பேருக்கு ஆதார், வாக்காளர் அட்டை எதுவும் கிடையாது. பஸ் ஸ்டாண்டிலும் ரயில் நிலையத்திலும் கிடந்து, யாரோ கொண்டுவந்து விட்டவர்கள்.

கத்திரி வெயிலில் அவர்களில் நான்கு பேரை ஊசி போடும் இடத்துக்குக் கூட்டிப்போனதுதான் நான் செய்த பெரிய தப்பு. இரண்டு மணி நேரம் கூட்டத்துக்குள் உட்கார வைத்த பிறகு, "ஆதார் நம்பர் அடிக்காம கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கே போகாதும்மா, கூட்டிட்டுப் போங்க" என்றார் பதிவு செய்பவர். இல்லத்தின் லெட்டர்பேடைக் காட்டினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஊசியும் இல்லை, தொற்றுக்கு நடுவே உட்கார்ந்து வந்ததுதான் மிச்சம். வேலைக்காரர்களையே வீட்டுக்கு அனுப்பாமல் உள்ளே தங்க வைத்து, பிள்ளைகளைக்கூட ஜன்னல் கம்பிக்கு வெளியே நிற்க வைத்துக் காப்பாற்றிய உயிர்கள் அவை. நால்வரையும் பத்து நாள் தனி அறையில் வைத்து, காலையும் மாலையும் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்த்தேன். ஆக்ஸிஜன் அளவு 94-க்குக் கீழே யாருக்கும் இறங்கவில்லை. எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

அந்த மாதமே மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு வழிமுறை அனுப்பியிருந்தது பிறகுதான் தெரிந்தது. அடையாள அட்டை இல்லாதவர்களுக்கும் போடலாம் என்றது அது. முதியோர் இல்லம், மனநலக் காப்பகம், சிறை, சாலையோரம் வாழ்பவர்கள் எல்லாரையும் பெயர் சொல்லியே சேர்த்திருந்தார்கள். இல்லத்தின் சார்பில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டியிருந்தது. அவரிடம் ஒரு அட்டையும் செல்போனும் இருந்தால் போதும் என்றிருந்தது. போட்டுக்கொள்பவருக்குப் பெயர், பிறந்த வருடம், ஆணா பெண்ணா என்ற விவரம், அவ்வளவுதான். ஊரடங்கில் திறந்திருந்த ஒரே ஜெராக்ஸ் கடையைத் தேடி ஐந்து பிரதி எடுத்தேன். மாவட்ட சுகாதார அலுவலகத்தில் அதைப் படித்துப் பார்த்த அம்மா ஒருவர் உடனே தேதி குறித்துக் கொடுத்தார், இல்லத்துக்கே வந்து போடுவதாக.

பிறந்த வருடம்தான் இழுத்தது. "அண்ணா செத்தப்ப எம்மூத்தவன் கைக்குழந்தைடி" என்றார் ஒரு பாட்டி. அது 1969. அப்போது இருபது வயது என்று வைத்து 1949 எழுதினோம். பேச்சே இல்லாத ஒரு தாத்தாவுக்கு, சேர்க்கையன்று டாக்டர் குறித்த வயது கைகொடுத்தது. இல்லம் நடத்துபவர்கள் சேர்க்கைப் பதிவேட்டை ஒழுங்காக வையுங்கள்.

இன்னொன்று. அப்போது போட்ட கோவிஷீல்டு ஊசி மருந்து ஒரு குப்பியில் பத்து டோஸ், திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டியிருந்தது. எங்களிடம் படுக்கையில் இருந்த ஏழு பேரும் அட்டை இல்லாத ஒன்பது பேரும் சேர்த்து 16 பேர். "ஆறு பேருக்காக இன்னொரு குப்பி உடைக்கணுமா" என்று வந்தவர்கள் தயங்கிவிடக் கூடாதே என்று, பயந்து தள்ளிப்போட்டிருந்த சமையல்கார அக்காவையும் தெருவில் மூன்று பெரியவர்களையும் பேசிச் சம்மதிக்க வைத்து இருபதாக்கினேன். படுக்கையில் இருந்தவர்களைத் தலையணை வைத்துச் சாய்த்து, அரை மணி நேரம் பக்கத்திலேயே இருந்தோம். இரவு ஐந்து பேருக்குக் காய்ச்சல், பாராசிட்டமால் கொடுத்ததில் விட்டது.

ஒவ்வொருவரின் பதிவு எண்ணையும் அன்றே நோட்டில் எழுதிக்கொண்டேன், இரண்டாம் ஊசிக்கு அதுதான் வேண்டியிருந்தது. 84 நாள் கழித்து வந்தது வேறு ஆட்கள். வாசலிலேயே "ஆதார் எல்லாம் எடுத்து வையுங்க" என்றார்கள். நோட்டையும், மிச்சமிருந்த ஒரு ஜெராக்ஸ் பிரதியையும் நீட்டினேன். பத்து நிமிடத்தில் இரண்டாம் ஊசியைப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.