உகுலேலேயில் மோகனம்: கார்டு போட்டாலும் ராகம் கெடாமலிருக்க

சிறு கிட்டார் போன்ற நான்கு தந்திக் கருவியான உகுலேலேயின் வழக்கமான சுருதி ஜி, சி, ஈ, ஏ. ஒரு கட்டையை, அதாவது சி-யை ஸட்ஜமாக எடுத்துக்கொண்டால் இந்த நான்கு வெறும் தந்திகளும் ப, ஸ, க, த. மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களில் நான்கு, விரலே வைக்காமல் கிடைத்துவிடுகின்றன. பாக்கி இருப்பது சதுஸ்ருதி ரிஷபம் மட்டும். அது சி தந்தியின் 2-ஆம் ஃப்ரெட்டில் (விரல் வைக்கும் கட்டத்தில்) இருக்கிறது. ராகத்திலிருந்து கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) கட்டிப் பழகுகிறவர்கள் மோகனத்தில் தொடங்குவதுதான் நல்லது.

ஃப்ரெட் எண்களை ஜி, சி, ஈ, ஏ என்ற தந்தி வரிசையிலேயே படியுங்கள்; 0 என்றால் வெறும் தந்தி. முழுமையான மூன்று ஸ்வரக் கார்டுகள் மோகனத்தில் இரண்டே இரண்டு: 0003 (சி மேஜர்: ஸ, க, ப), 2000 (ஏ மைனர்: த, ஸ, க). இவற்றோடு 0000 (ப, ஸ, க, த), 0233 (ஸ, ரி, ப), 0230 (ரி, ப, த), 2200 (த, ரி, க) ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால் போதும்.

தப்பு பெரும்பாலும் கைப்பழக்கத்தால் வரும். சி, எஃப், ஜி என்று வாசித்துப் பழகிய கை தானாக எஃப்-க்குப் போகும். எஃப்-இல் மத்யமம் இருக்கிறது, ஜி-யில் நிஷாதம் இருக்கிறது. இரண்டும் மோகனத்தில் கிடையாது. ஒரு தரம் ஒலித்தாலே கேட்பவர் காதில் சங்கராபரணம் வந்து உட்கார்ந்துவிடும். இதற்குப் புதுக் கார்டு தேட வேண்டாம், ஒரு விரலைத் தூக்கினால் போதும். எஃப் (2010) பிடித்த கையில் ஈ தந்தியின் முதல் ஃப்ரெட்டில் இருக்கும் ஆள்காட்டி விரலை எடுங்கள்: மத்யமம் போய் 2000 நிற்கும். ஜி (0232) பிடித்த கையில் ஏ தந்தியின் 2-ஆம் ஃப்ரெட்டில் இருக்கும் விரலை எடுங்கள்: நிஷாதம் போய் வெறும் தந்தியின் தைவதம் வரும், 0230. இந்த இரண்டு அசைவையும் பாட்டில்லாமல், தினம் இருபது தடவை தனியாகச் செய்யுங்கள்.

அடுத்த சிக்கல் இதைவிட நுட்பமானது. ஸ்வரமெல்லாம் சரியாக இருந்தும் ராகம் நழுவும். 2000-இல் நெடுநேரம் தங்கினால் காது தைவதத்தையே ஸட்ஜமாக எடுத்துக்கொள்ளும். அப்போது கேட்பது சுத்த தன்யாசி என்ற வேறு ராகம். 0230-ஐ ரிஷபத்தில் ஊன்றி வாசித்தால் மத்யமாவதி. கிரகபேதம் (ஸட்ஜத்தை இடம் மாற்றி வேறு ராகம் பெறுவது) என்று படித்தது இங்கே கேட்காமலே நடந்துவிடுகிறது. அதனால் தம்புரா ஒலியில்லாமல் இந்தப் பயிற்சியைச் செய்யக்கூடாது. ஒவ்வொரு ஆவர்த்தனமும் (தாளச் சுற்றும்) சமத்தில், அதாவது முதல் அடியில், 0003 அல்லது 0233-க்குத் திரும்ப வேண்டும். எந்த ஸ்வரத்தில் ஊன்றுகிறோம் என்பது அவ்வளவு முக்கியம்: இந்துஸ்தானியில் பூபாளியும் தேஷ்காரும் இதே ஐந்து ஸ்வரங்கள்தான், முன்னதில் வாதி (முதன்மை ஸ்வரம்) காந்தாரம், பின்னதில் தைவதம்.

பயிற்சிக்கு ஒரு பிரயோகம்: க ப த ப | க ரி ஸ , . மெட்ரோனோம் 60, ஒரு ஸ்வரத்துக்கு ஒரு அடி. முதல் நான்கு ஸ்வரங்களுக்கும் 0000 ஒன்றே போதும், அடுத்த காந்தாரத்துக்கு 0003, ரிஷபத்துக்கு 0230, ஸட்ஜத்துக்கு மறுபடி 0003. ஸ்வரத்தை வாய்விட்டுப் பாடிக்கொண்டே வாசியுங்கள். கை பழகியதும் கார்டுகளைக் குறையுங்கள். ஸ்வரத்துக்கு ஸ்வரம் கார்டு மாற்றினால் ராகத்துக்கு மூச்சு முட்டும். நின்று இளைப்பாறும் ஸ்வரத்தில் மட்டும் மாற்றுவது அழகு. பாடகர் கமகத்தோடு அசைக்கும் ஸ்வரத்தைக் கார்டிலிருந்து விலக்கிவிடுங்கள். காந்தாரம் அசையும் இடத்தில் 0233 கை கொடுக்கும், அதில் காந்தாரமே இல்லை.

தம்புராவோடு வாசிக்கும்போது ஈ தந்தி சற்றுக் கூர்மையாக உறுத்தும். ட்யூனர் காட்டும் காந்தாரம், தம்புராவின் ஸட்ஜத்துக்குள்ளேயே ஒலிக்கும் காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் (ஒரு ஃப்ரெட் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) அதிகம் என்பதே காரணம். தந்தியை அந்த 14 சென்ட்டும் இறக்கினால் அதன் 3-ஆம் ஃப்ரெட்டில் உள்ள பஞ்சமமும் இறங்கிவிடும். நான்கைந்து சென்ட் இறக்கிச் சமாளிக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டு கட்டைக்கு 2-ஆம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்தும் கவ்வி) போடுங்கள், கார்டு பிடிக்கும் விதம் மாறாது. ஐந்து கட்டைக்குக் கேப்போ 7-ஆம் ஃப்ரெட்டுக்குப் போகும், விரலுக்கு இடமிருக்காது. அப்போது ஜி-யை ஸட்ஜமாக்கி 0232, 0432, 0202, 0230 வாசியுங்கள். இங்கே சி தந்தியை வெறுமனே ஒலிக்கவிடக்கூடாது. அது இப்போது மத்யமம்.

மோகனம் கைவந்தபின் மாயாமாளவகௌளை ராகத்துக்குப் போகலாம். ஒரு கட்டையில் 0003, 1114, 1013 மூன்றும் சுத்தமாகப் பொருந்தும். ஜி7 (0212) மட்டும் பொருந்தாது, அதில் சதுஸ்ருதி ரிஷபம் இருக்கிறது. 0212 பிடிக்கும் கையில் சி தந்தி விரலை ஒரு ஃப்ரெட் பின்னால் இழுத்து 0112 ஆக்கினால் ப, ரி, ம, நி கிடைக்கும். ரிஷபம் சுத்த ரிஷபமாகிவிடும், ஸட்ஜத்துக்கு இறங்கும் இழுப்பும் குறையாது.